மூன்று விரல் தூரம்

கட்டைபறிச்சான்
14.3.1997

தம்பி ஞானசேகரத்துக்கு,

குணேஸ்வரி மச்சாள் எழுதுகிறேன். நாலு வருசமாக உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தனான். “என்னையும் அங்கால கூப்பிடடா” என்று உங்கட அண்ணன் தொண்ணூற்று மூன்றில் எழுதின கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் அவர் சோற்றுக் கையோடு எழும்பி வாசலுக்குப் போவார். அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் இப்போது கேட்க வேறு ஆள் இல்லை.

மாசி பதினோராம் திகதி விடிய அவர் வலை எடுக்கப் போனவர். இன்னும் வரவில்லை.

நீங்கள் போனபிறகு நாங்கள் பழகின ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வலையைத் தூக்கி முடித்ததும் அவர் துடுப்புப் பிடியால் தோணி விளிம்பில் மூன்று தரம் தட்டுவார். நான் துறையில் முழங்கால் தண்ணீரில் மற்றத் துடுப்பை ஊன்றி, அதன் தலையில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். தட்டுக் கேட்டால் போய்க் கூடையை எடுத்து வைப்பேன், தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவேன். முக்கால் மணித்தியாலத்துக்குள் அவர் கரைக்கு வந்துவிடுவார்.

அன்றைக்கும் தட்டினவர். ஆறே காலுக்கு. மூன்றும் கேட்டது. நான் காதை எடுக்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. ஆறு இருபதுக்கு ஒரு வெடி. கிழக்கே சூரியன் பாதி வந்திருந்தது, கடலில் பனி. ஒன்றும் தெரியவில்லை.

அன்றிரவு வானொலியில் சொன்னார்கள், குடாவில் ஆறு ஐம்பதுக்கு ஒரு படகு வெடித்துப் போனதாம். மூதூரில் என்னோடு மட்டிச் சிப்பி எடுக்க வருகிற பரீதாவும் ஆறு ஐம்பதுக்குத்தான் வெடி கேட்டதாகச் சொன்னா. அவவின் புருசன் ஸைனுலாப்தீன் மணிக்கூடு பார்த்தவராம். ஆறு ஐம்பதென்றால் பனி போய்விடும், இவரும் கரைக்குக் கிட்ட வந்திருப்பார். வெடித்திருந்தால் என் கண்ணுக்கு முன்னால்தான் வெடித்திருக்க வேண்டும். ஆகவே அது வேறு படகு. எனக்குக் கேட்டது துறைமுக வாயிலில் ஆட்கள் முழுகி வராமல் இருக்கத் தினமும் தண்ணீருக்குள் போடுகிற வெடி. அவரை யாரோ கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

நேற்று முப்பத்தோராம் நாள். செத்தவீட்டுச் சடங்கு செய்யச் சொல்லி ஊர் வந்து குந்தியிருந்தது. “தாலியோட திரிஞ்சா போனவன் திரும்பி வருவானோ? அவன்ர ஆத்மா அலையட்டும் எண்டு விடுறியோ?” என்று கமலாதேவி கேட்டாள். உங்கட பெரியப்பாவின் மகள்தான், அவளுக்கு எப்போதும் வாய் கூட. “என்ர தாலி உன்ர கழுத்திலயோ கிடக்கு?” என்று கேட்டுவிட்டு நான் குசினிக்குள் போய்விட்டேன்.

தண்ணீருக்குள் சத்தம் கேட்கிறதுதான் உங்கட வேலை என்று அவர் பெருமையாகச் சொல்லுவார். எனக்குக் கேட்டது துறைமுகத்து வெடிதான் என்று படித்த ஆளாக எழுதித் தாருங்கள். சடங்கு கேட்கிறவர்களுக்கும் காட்டுவேன், காணாமல் போனவர்களின் பேர் எழுதுகிற கந்தோருக்கும் கொண்டு போவேன்.

குணேஸ்வரி


பேர்கன், நோர்வே
9.4.1997

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் உடைத்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. பஸ் கடைசித் தரிப்பில் நின்று, சாரதி வந்து தோளில் தட்டின பிறகுதான் எழும்பினேன்.

அந்த 93ஆம் ஆண்டுக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அப்போது எனக்கே விசா இல்லை. ஏலாது என்று எழுத வெட்கமாக இருந்தது, பிறகு எழுதுவோம் என்று விட்டேன். இதைச் சமாதானமாக எழுதவில்லை.

நீங்கள் கேட்டபடி எழுதித் தர எனக்கும் ஆசைதான். ஆனால் ஆசைக்கு எழுதினால் அது சாட்சி ஆகாது. ஒரு வெடி தண்ணீருக்குள்ளாலும் வரும், காற்றாலும் வரும். தண்ணீரில் நாலு மடங்குக்கு மேல் வேகம். அதனால் முதலில் துடுப்பில் கேட்கும், பிறகு வெளிக்காதில் கேட்கும். இரண்டுக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று தெரிந்தால் வெடி எவ்வளவு தூரத்தில் என்று சொல்லலாம். அன்றைக்கு உங்களுக்கு இரண்டும் கேட்டதா? எவ்வளவு இடைவெளி?

சின்ன வயதில் அண்ணாவும் நானும் இரண்டு தோணியில் தள்ளித் தள்ளி நின்று, துடுப்பில் காது வைத்து மீன் கூட்டம் கத்துவதைக் கேட்போம். முதலில் கேட்டவன் கையைத் தூக்க வேண்டும். யார் முந்தினான் என்பதை வைத்து எந்தப் பக்கம் வலை விடுவது என்று அண்ணா சொல்லுவார். இங்கே நான் செய்வதும் அதேதான், காதுகள் மட்டும் விலை கூடியவை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அவ்வளவு தூரத்தில் ஒருவர் மரத்தில் தட்டுவது கேட்பது எங்கள் கருவிகளுக்கே கஷ்டம். நிச்சயமாகக் கேட்டதா?

சேகரம்


கட்டைபறிச்சான்
6.5.1997

தம்பிக்கு,

நிச்சயமாகக் கேட்டது. நீங்கள் தோணியில் இருந்து கேட்டவர், துறையில் நின்று கேட்டதில்லை. மாசியில் விடியப்புறம் கடல் செத்த மாதிரிக் கிடக்கும். நண்டு மணலைக் கிண்டுவதும் துடுப்பில் கேட்கும்.

இரண்டும் கேட்டது. நான் எண்ணினேன். நாங்கள் எல்லோரும் எண்ணுவோம். துடுப்பில் அடித்த உடனே பெருவிரலைச் சுண்டுவிரல் அடிக்கணுவில் வைத்து, ஒரு கணுவுக்கு ஒன்று என்று ஏறுவது. விரலுக்கு மூன்று, கைக்குப் பன்னிரண்டு. உங்கட அண்ணன்தான் சொல்லித் தந்தவர். “ரெண்டு கைக்குக் கிட்ட எண்ணினியெண்டா அது துறைமுகத்து வெடி, பயப்பிடாத. ஒரு கைக்குள்ள முடிஞ்சா வீட்டுக்குள்ள ஓடு.” துறைமுகத்து வெடி எப்போதும் இரண்டு கைக்கு இரண்டு கணு குறைய. இருபத்திரண்டு.

அன்றைக்கும் இருபத்திரண்டு.

இப்போதும் விடிய விடிய அந்தத் துடுப்போடு போய் நிற்கிறேன். கமலாதேவி ஊரெல்லாம் எனக்கு விசர் என்று கதைக்கிறாள். இருக்கட்டும். சில நாளில் மூன்று தட்டுக் கேட்கிறது. உங்களிடம் ஒளிப்பானேன்.

குணேஸ்வரி


பேர்கன்
2.6.1997

அன்புள்ள மச்சாள்,

இருபத்திரண்டு என்றால் ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர். என்னிடம் இருக்கிற பழைய வரைபடத்தில் உங்கள் துறைக்கும் துறைமுக வாயிலுக்கும் அதே தூரம். அந்த எண்ணிக்கை சரியென்றால் நீங்கள் சொன்னதும் சரி. அளவுகோலை மூன்று தரம் வைத்துப் பார்த்துவிட்டேன், சந்தோசத்தில்தான்.

ஆனாலும் உடனே யாரிடமும் காட்டாதீர்கள். ஒரு செக்கன் பிழைத்தால் நானூற்று நாற்பது மீற்றர் பிழைக்கும். உங்கள் ஒரு கணு ஒரு செக்கன்தானா என்று மணிக்கூடு வைத்துப் பத்துத் தரம் எண்ணிப் பாருங்கள். ஒரு தரம் கூடும், ஒரு தரம் குறையும், பத்தையும் கூட்டிப் பிரித்தால் அந்த நடுக்கம் போய்விடும். எப்போதும் ஒரே பக்கம் சாய்கிற பிழைதான் பொல்லாதது. அதை ஆயிரம் தரம் எண்ணினாலும் கண்டுபிடிக்க ஏலாது, வேறொரு காது வேண்டும்.

அதனால் பரீதாவையும் கேளுங்கள். ஆறு ஐம்பது வெடி அவவுக்கு எப்படிக் கேட்டது? அது எங்கே வெடித்தது என்று தெரிந்தால் அது அண்ணா இல்லை என்பதையும் உறுதியாகச் சொல்லலாம்.

சேகரம்


கட்டைபறிச்சான்
30.6.1997

தம்பிக்கு,

மூதூருக்குப் போய் வந்தேன். போகிற வழியில் இரண்டு இடத்தில் இறங்கி நடக்க வேண்டும், பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். காவலுக்கு நின்ற ஒருவன் உங்கட கடிதத்தை விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தான். செக்கன், மீற்றர் என்று கிடந்ததைக் கண்டு என்ன நினைத்தானோ, பிறகு தந்துவிட்டான். அதனால் வெடி போட்டது யார், எவர் என்று நான் ஒன்றும் எழுதமாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

ஸைனுலாப்தீனின் கைமணிக்கூட்டில் பத்துத் தரம் எண்ணினேன். என் இருபத்திரண்டு கணு இருபத்திரண்டு செக்கன்தான், சில தரம் இருபத்துமூன்று. “இந்தப் பொம்புள மணிக்கூட்ட விடத் திறம், கையில கட்டிக்கொண்டு திரியலாம்” என்று அவர் சிரித்தார்.

பரீதா அன்றைக்குக் கழுத்தளவு தண்ணீரில் மட்டி எடுத்தவ. குனிந்து முழுகியிருக்கும்போது தண்ணீருக்குள் “டொம்” என்று நெஞ்சில் இடித்ததாம். எழும்பி, முகத்தை வழித்து, முக்காட்டைச் சரிபண்ணி, கையில் இருந்த மட்டியைக் கூடைக்குள் போட்டு, “யா அல்லாஹ், என்ன இது” என்று சொல்லி முடிக்க வெளியில் கேட்டதாம். அவ எண்ணவில்லை. ஆனபடியால் அதைத் திரும்பச் செய்யச் சொன்னேன். “உனக்குப் பைத்தியம் குணேசு, எனக்கும் சேத்துத் தாராய்” என்று சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினா. ஐந்து தரம் முழுகி எழும்பினா. ஐந்தாம் தரம் சிரிப்பு நின்றுவிட்டது, அழத் தொடங்கிவிட்டா. ஐந்து தரமும் ஏழு செக்கனுக்குக் கிட்ட.

சூரியன் பாதி வந்து கண்ணைக் கூசியது என்றும் சொன்னா. அதுவும் தேவையென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதித் தாருங்கள்.

குணேஸ்வரி


பேர்கன்
25.7.1997

அன்புள்ள மச்சாள்,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

இரண்டு பேரும் பாதிச் சூரியனைக் கண்டிருக்கிறீர்கள். நீங்கள் ஆறு இருபதுக்கு, பரீதா ஆறு ஐம்பதுக்கு. சூரியன் அரை மணித்தியாலம் பாதியில் நிற்காது.

போன கிழமை இங்கே ஒரு மட்டக்களப்புத் தம்பியைச் சந்தித்தேன், ஊரிலிருந்து வந்து மூன்று மாதம். அவன் சொன்னான், போன வருசம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னால் தள்ளியதாம். இப்போது அரை மணித்தியாலம் முந்தி நிற்கிறதாம். வானொலியும் மூதூரும் புதிய நேரமாம். அரசாங்கத்தின் கையில் இல்லாத உங்கள் பக்கம் அதை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருக்கிறதாம். நான் ஊரை விட்டுப் பன்னிரண்டு வருசம். எனக்கு இது தெரியாது.

அப்படியென்றால் இரண்டு வெடி இல்லை. ஒன்றுதான். வானொலி சொன்னதும் அதுதான்.

வரைபடத்தில் பரீதாவின் துறையைச் சுற்றி ஏழு செக்கனுக்கு ஒரு வளையம் போட்டேன், மூன்று கிலோமீற்றர். உங்கள் துறையைச் சுற்றி இருபத்திரண்டுக்கு ஒரு வளையம், பத்துக் கிலோமீற்றர். இரண்டு துறைக்கும் இடையில் ஐந்துதான். உங்கள் வளையம் பரீதாவின் வளையத்தை முழுதாக விழுங்கிக்கொண்டு அப்பால் போகிறது. இரண்டும் எங்கும் தொடவில்லை. ஒரே வெடிக்கு இது நடக்காது. இரண்டு எண்ணிக்கையில் ஒன்று பிழை.

பரீதா எண்ணவில்லை, அதனால் அவவுக்குப் பிழைவிட ஒரு காரணமும் இல்லை.

மச்சாள், நான் கேட்கப் போவதில்லை. இருபத்திரண்டு என்று இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னால், வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிடுவேன்.

சேகரம்


கட்டைபறிச்சான்
24.8.1997

தம்பிக்கு,

எனக்குத் தெரியும்.

இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூதூர்ச் சந்தைக்குப் போனால் அரை மணித்தியாலம் முந்தி, வீட்டுக்கு வந்தால் அரை மணித்தியாலம் பிந்தி. “புது நேரமோ பழைய நேரமோ” என்று கேட்டுத்தான் ஆட்கள் கல்யாண வீட்டுக்கே போகிறார்கள். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் உங்களுக்கு எழுதினேன். ஊரில் யாரிடமும் இந்தக் கதையைக் கொண்டு போக ஏலாது. உங்களிடம் கொண்டு வரலாம். அண்ணனுக்குப் பதில் போடாத ஆள், இவர் ஏமாந்தால் எனக்கென்ன என்றும் ஒரு நினைப்பு இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் உங்களை ஏமாற்றத்தான் நினைத்தேன். பிறகு உங்கட கடிதம் வர வர நானும் நம்பினேன். பத்துக் கிலோமீற்றர் என்று நீங்கள் எழுதின கடிதம் வந்த இரவு வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஆனால் பரீதா தண்ணீருக்குள் முழுகி முழுகி எழும்பின நேரம் என் கையே என்னைப் பார்த்தது. அதனால்தான் சூரியனை எழுதினேன். என் வாயால் சொல்ல ஏலவில்லை. நீங்கள் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன்.

அன்றைக்குத் துடுப்பில் அடித்த அடியில் என் பல்லுக் கூசியது. பெருவிரலைச் சுண்டுவிரலில் வைத்தேன். சுண்டுவிரல் முடிந்தது. மோதிர விரல் முடிந்தது. நடுவிரல் மேல்கணுவில் பெருவிரல் நிற்கும்போது வெளியில் கேட்டது. ஆள்காட்டி விரலுக்குப் போகவில்லை. “ஒரு கைக்குள்ள முடிஞ்சா ஓடு” என்று அவர் சொன்னவர். நான் ஓடவில்லை. விரலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்தால் வேறு கணக்கு வந்துவிடும் போல இருந்தது. கை விறைத்துப்போய், பிறகு மற்றக் கையால்தான் விரித்தேன்.

ஒன்பது, தம்பி. மூன்று விரல்.

அவர் வலை விடுகிற இடத்துக்கு ஒன்பதுதான் வரும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

இனி நீங்கள் வளையத்தைப் போடுங்கள்.

குணேஸ்வரி


பேர்கன்
16.9.1997

மச்சாள்,

ஒன்பதுக்கு நாலு கிலோமீற்றர். இப்போது இரண்டு வளையமும் வெட்டுகின்றன, இரண்டு இடத்தில். ஒன்று தரையில், வயலுக்குள். மற்றது கடலில்.

கடலில் இருக்கிற இடத்தை எப்படி அறிவது என்று எழுதுகிறேன். மூதூர்த் துறையிலிருந்து மூன்று கிலோமீற்றர் வெளியே போய், ஒரு கையைப் பரீதாவின் துறைக்கு நேரே நீட்டுங்கள், மற்றக் கையை உங்கள் துறைக்கு நேரே நீட்டுங்கள். மேசன்மாரின் மூலைமட்டம் போல இரண்டு கையும் நிற்க வேண்டும். அந்த இடம். ஆனால் அது ஒரு புள்ளி இல்லை. உங்கள் கணுவிலும் பரீதாவின் முழுக்கிலும் ஒரு செக்கன் பிழை இருக்கலாம், ஆகவே சுற்றி அரைக் கிலோமீற்றர் எங்கும் இருக்கலாம். இதைவிடத் திருத்தமாகச் சொல்ல எனக்கு ஏலாது.

நான் ஏமாந்திருந்தால் அது எனக்குத் தகும்.

எங்கள் கருவிகள் கடலுக்கு அடியில் எல்லாவற்றையும் கேட்கின்றன. இந்தக் கிழமை எனக்கு அவற்றைக் காதில் மாட்ட மனமில்லை.

சேகரம்


கட்டைபறிச்சான்
20.10.1997

தம்பி சேகரம்,

அரைக் கிலோமீற்றர் எனக்குப் போதும். உங்கட அண்ணன்ர வலை அதைவிட நீளம்.

போன ஞாயிறு, மாரிக் கடல் கிளம்ப முதல், ஸைனுலாப்தீன் கடலுக்குப் போகிற பாஸ் எடுத்துத் தன்ர தோணியில் கூட்டிக்கொண்டு போனார். நேரத்துக்குத் திரும்ப வேண்டும். எந்த நேரம் என்று கேட்டேன். “புது நேரம்தான் தங்கச்சி, கடலுக்கு இப்ப புது நேரம்” என்றார். நடுவில் நான் எழும்பி நின்று இரண்டு கையையும் நீட்டினேன். “இன்னும் கொஞ்சம் மேற்கால, இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிச் சொல்லிப் போனோம். கை மூலைமட்டமாக வந்த இடத்தில் அவர் துடுப்பை நிறுத்திவிட்டு மற்றப் பக்கம் திரும்பி இருந்தார். எனக்காக.

அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீர் பச்சையாக இருந்தது. பூவையும் எள்ளையும் விட்டேன். தாலியைக் கழற்றி விட வேண்டும் என்றுதான் போனேன், முடிச்சு அவிழவில்லை. ஸைனுலாப்தீனிடம் கத்தி கேட்டேன். மீன் வெட்டுகிற கத்தி. அதால் அறுத்தேன். வீட்டில் ஐயர் தர்ப்பையில் உருவம் செய்து வைத்த சடங்கு அடுத்த நாள் நடந்தது. கமலாதேவி வந்து வாயே திறக்காமல் எனக்கு முதுகு தடவிக்கொண்டிருந்தாள்.

ஆனால் கடலில் தாலியை அறுக்க முதல் ஒன்று செய்தேன். தோணி விளிம்பில் துடுப்புப் பிடியால் மூன்று தரம் தட்டினேன். அங்கே இருந்து தட்டினால் கரைக்குக் கேட்குமா என்று நீங்கள் கேட்டீர்களே, அதைப் பார்க்க. பரீதாவை மூதூர்த் துறையில் துடுப்பை ஊன்றிக் காதை வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லியிருந்தேன்.

திரும்பி வரும்போது அவ தண்ணீருக்குள்ளேயே நின்றா. முக்காடு விழுந்ததும் தெரியாமல்.

“கேட்டதோ?” என்றேன்.

“கேட்டுச்சி. ரெண்டு தரம் ஏன் தட்டினாய்?”

“நான் ஒருக்காத்தான் தட்டினனான். மூண்டு.”

“இல்ல குணேசு. மூண்டு கேட்டுச்சி. பிறகு மூண்டு.”

ஸைனுலாப்தீன் தோணியை இழுத்துக் கட்டினார். நான் ஒரு தரம்தான் தட்டினது அவருக்குத் தெரியும்.

அது கல்லில் பட்டுத் திரும்பி வந்த சத்தம் என்று நீங்கள் எழுதுவீர்கள். அப்படியும் இருக்கும். எழுத வேண்டாம், தம்பி. மற்றதெல்லாம் எழுதுங்கள். குளிர் எப்படி, சாப்பிட்டீர்களா, எல்லாம் எழுதுங்கள். நான் பதில் போடுவேன்.

முதல் மூன்றுக்கும் பிந்தின மூன்றுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று பரீதா எண்ணவில்லை. அவவைத் திரும்பச் செய்து காட்டச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

உங்கள் மச்சாள்
குணேஸ்வரி